சென்னைக்குள் சும்மா உட்கார ஓர் இடம்: சில வருடப் பூங்கா அனுபவம்

சென்னையில் பூங்காவுக்குப் போகிறேன் என்றால் முக்கால்வாசிப் பேர் கேட்பது "வாக்கிங்கா?" என்றுதான். எனக்கு வாக்கிங் ஒத்துவராது. அரும்பாக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். வாரத்தில் ஒருநாளாவது ஆக்சிலரேட்டர் முறுக்கும் சத்தம் இல்லாமல் உட்கார்ந்து ஏதாவது படிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. வண்டி கிடையாது, மெட்ரோ, மின்சார ரயில், பஸ் போய்ச் சேரும் இடங்கள் மட்டும். சில வருடங்களாக இப்படி அலைந்ததில் தேறியதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். காலை ஆறிலிருந்து எட்டரை வரை எல்லாப் பூங்காவும் வாக்கிங்காரர்கள் கையில். கைதட்டிச் சிரிக்கிறவர்கள், செல்போனில் சுப்ரபாதம் வைத்துக்கொண்டு நடப்பவர்கள், ரியல் எஸ்டேட் பேசுகிறவர்கள். மாலை ஐந்துக்கு மேல் குழந்தைகளும் ஷட்டிலும். வார நாளில் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் நமக்கு. முன்பெல்லாம் அந்த நேரம் பார்த்துப் பல பூங்காக்களைப் பூட்டிவிடுவார்கள். இப்போது நிலைமை தேவலை. ஆனாலும் பகலில் போவதென்றால் முதல் தடவை சும்மா ஒரு நடை போய் கேட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்தால் செனாய் நகர் திரு.வி.க. பூங்கா. மெட்ரோ வேலைக்காக 2011இல் மூடியதை 2023இல்தான் திறந்தார்கள். ஸ்டேஷனே பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. ஏறி வெளியே வந்தால் புல்தரை. போக்குவரத்துக்கு முழு மார்க். நிழலுக்குப் பாதிகூடத் தர மாட்டேன். பழைய பெரிய மரங்கள் வேலையில் போய்விட்டன, புதுக் கன்றுகள் நிழல் தர இன்னும் காலம் ஆகும். நடுப்பகலில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான். அதைவிட அண்ணா நகர் டவர் பூங்கா மேல். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், பத்து வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து 2023இல் மறுபடி திறந்தது. எல்லாரும் கோபுரத்தில் ஏறப் போய்விடுவதால் குளத்துப் பக்கத்து மரத்தடிகள் காலியாக இருக்கும். கோபுரத்தை ஒருதடவை பார்த்தால் போதும்.

கட்டணம் வாங்கும் பூங்காக்கள் அமைதியாக இருக்கின்றன என்பது என் அனுபவம். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா வாசலில், "ஏண்டி, காசு குடுத்து டிக்கெட் எடுத்து உட்கார்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். இந்த இடம் மீன்வளத் துறையுடையது, 2016இல் திறந்தது. சேத்துப்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ரயில் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். படகு ஓடும் பக்கத்தை விட்டு, தூண்டில் போடுகிறவர்கள் உட்காரும் பக்கம் போய்விடுங்கள். கோதுமை மாவைச் சின்னச் சின்னதாக உருட்டி, தொடையில் விரித்த துணியில் வரிசையாக வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். உருண்டையை முள்ளில் செருகி வீசுவார், மிதவையைப் பார்ப்பார், இழுத்தால் மாவு மட்டும் காணாமல் போயிருக்கும். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, அடுத்த உருண்டை. அம்மா ஏதோ சத்தமாகச் சொல்ல, திரும்பிப் பார்க்காமலே "மெதுவாம்மா, மீன் போயிடும்" என்றார். எந்தப் பூங்காவிலும் இப்படி ஒரு காவலாளி அமையவில்லை.

நான் அதிகம் போவது கோட்டூர்புரம் மரப் பூங்காவுக்கு. பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, அடையாற்றங்கரையில் இருக்கிறது. ஒருகாலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய இடம். 2006 வாக்கில் 'நிழல்' அமைப்பினர் நம் ஊர் மரங்களாகத் தேடி நட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னார்வலர்கள் வந்து களை பிடுங்குவது, தண்ணீர் விடுவது என்று வேலை நடக்கும். விருப்பமிருந்தால் நாமும் சேர்ந்துகொள்ளலாம். செயற்கை நீரூற்று, பிளாஸ்டிக் டைனோசர் எதுவும் கிடையாது. காய்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், நடந்தால் சருகு நொறுங்கும். புங்கை பூக்கும் காலத்தில் தரை முழுக்க வெளிறிய ஊதாப் பூ, உட்காரும் முன் துடைக்க மனசு வராது. குறை என்றால் கொசுதான். ஆற்றங்கரை ஆயிற்றே, முழுக்கை சட்டை கட்டாயம். கோடையில் ஆற்று வாடையும் சேர்ந்து வரும்.

வாடை என்றதும் பள்ளிக்கரணை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த சதுப்பு நிலம், பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய அனுபவம். துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலையில் வனத்துறையின் சூழலியல் பூங்கா இருக்கிறது. ரயிலில் வேளச்சேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் பறவை பார்க்கும் பலன் உண்டு. நீலத் தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து வெளியே வந்து, நீளக் காலால் தண்டைப் பிடித்துத் தூக்கி, கரும்பு கடிப்பதுபோல் கடித்துத் துப்பும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். பூநாரை வந்த வருடங்களில் கூட்டமும் கேமராவும் வந்துவிடுகின்றன. வராத வருடத்தில் இடம் நம்முடையது. நிழல் மிகக் குறைவு, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவை அமைதி என்ற கணக்கில் சேர்க்க முடியாது. அமிர்தாஞ்சன் தொடங்கியவர் பெயரில் இருக்கும் பூங்கா, எப்போதும் கலகல. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வார்கள். மைக் இல்லாத பாட்டு இந்த ஊரில் கிடைப்பதே அபூர்வம் என்பதால் அதற்கு விதிவிலக்கு. செம்மொழிப் பூங்கா அழகு, பராமரிப்பும் நன்று. போட்டோ எடுப்பவர்களுக்கு நடுவில் புத்தகத்தோடு உட்கார எனக்குக் கூச்சம். கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் நாளில் மான்களே மறுபக்கம் ஒதுங்கி நிற்கும். அடையாறு தியாசபிகல் சொசைட்டி தோப்பு நகரத்திலேயே பெரிய நிழல். அங்கே இருக்கும் பழைய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்த பிறகும் விழுதுகள் தாங்கி நிற்கின்றன. பார்வையாளர் நேரம் குறைவு, அதுவும் மாறும். போன் பண்ணி விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

பொதுவாக ஒரு புகார். பெண்களுக்குக் கழிப்பறை. ஒரு பூங்காவில் புதுசாகக் கட்டிய கழிப்பறைக்குப் பூட்டு, சாவி தோட்டக்காரரிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். அதனால் இப்போதெல்லாம் பூங்காவோடு சேர்த்து, பக்கத்தில் நல்ல ஓட்டல் இருக்கிறதா என்றும் பார்த்து வைக்கிறேன். காபிக்குக் காசு ஆகும், கழிப்பறை நிச்சயம். இந்தக் கணக்கில் அண்ணா நகரும் மயிலாப்பூரும் ஜெயிக்கும், பள்ளிக்கரணை தோற்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் எந்தப் பூங்கா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.