ஆக்சஸ் அப்ரூவல்: ஸ்லாக்கா, டீம்ஸா, டிக்கெட்டா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்கு நிற்பார். "அண்ணா, ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ் ஆக்சஸ் வேணும், கொஞ்சம் அர்ஜென்ட்" என்று ஆபீஸ் சாட் ஆப்பான ஸ்லாக்கில் மெசேஜ் வரும். பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அவர் ஒரு தம்ஸ்-அப் போடுவார். அதைப் பார்த்து சிஸ்டம் அட்மின் அந்த ஆக்சஸை, அதாவது உள்ளே போகும் அனுமதியை, திறந்துவிடுவார். பெங்களூரில் பல டீம்களில் இதுதான் நடைமுறை. இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்லாக்கின் பலம் வேகம். காசு கட்டும் பிளானில் ஒர்க்ஃப்ளோ பில்டர் இருக்கிறது. எந்த சிஸ்டம், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்கும் ஃபார்ம் ஒன்றை அதில் அரை மணியில் போட்டுவிடலாம். அந்த ஃபார்மை நான் பெரிதாக மதிக்கிறேன். பத்து பேர் பார்க்கும் சேனலில் 'அண்ணா' என்று கேட்கிற பையனிடம் "எதுக்குப்பா?" என்று திருப்பிக் கேட்க நம்மில் பலருக்கு வாய் வராது. அந்தக் கேள்வியை ஃபார்ம் கேட்டுவிடும்.

ஃப்ரீ பிளானில் சிக்கல் வேறு. 90 நாளுக்கு முந்தைய மெசேஜ் கண்ணில் படாது. சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. ஐந்தாம் மாதம் ஆடிட்டர் வந்தால், உள்ளே போனவர் யார் என்பது லாக்கில் இருக்கும்; அவரை விட்டது யார் என்பதற்குப் பதில் இருக்காது. கேட்பவர் உண்மையிலேயே அவர்தானா என்பதும் சாட்டில் தெரியாது. 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கேம் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. திருட்டு குக்கீயை (லாகின் ஆனதை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் தகவல்) வைத்து ஸ்லாக்குக்குள் புகுந்தவர்கள், போன் தொலைந்துவிட்டதாக ஐடி சப்போர்ட்டிடம் சொல்லியே லாகின் டோக்கனை வாங்கிவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் சாட் ஆப்பான டீம்ஸில் அப்ரூவல்ஸ் ஆப் 2021 ஜனவரியில் வந்தது. யார் கேட்டார், யார் எப்போது ஒப்புக்கொண்டார், என்ன கமென்ட் எழுதினார் என்பதெல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். ஆனால் 'அப்ரூவ்' அழுத்தினால் ஆக்சஸ் கிடைத்துவிடாது. வேலைகளைத் தானாக ஓடவைக்கும் பவர் ஆட்டோமேட்டில் தனியாக ஃப்ளோ எழுத வேண்டும், இல்லையென்றால் அட்மின் கையால் சேர்க்க வேண்டும். கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் வேலையையும் அந்த ஆப் செய்யாது.

கோரிக்கைகளை டிக்கெட்டாகப் பதிந்து நகர்த்தும் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டில் அப்ரூவல் வராமல் டிக்கெட் அடுத்த கட்டத்துக்கு நகராதபடி வைக்கலாம். பல கிளவுட், பல டூல் என்று கலந்துகட்டி வைத்திருக்கும் கம்பெனிக்கு இது தோது. ஆனால் டிக்கெட் 'க்ளோஸ்ட்' ஆன பிறகும் ஆக்சஸ் திறந்தேதான் கிடக்கும்.

என் ஓட்டு, யார் எதற்குள் போகலாம் என்பதை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவின் ஆக்சஸ் பேக்கேஜுக்கு. அப்ரூவல் கிடைத்ததும் ஆளை குரூப்பில் தானே சேர்க்கும், கெடு முடிந்ததும் தானே நீக்கும். முதலில் மேனேஜர், அடுத்து அந்த சிஸ்டத்தின் ஓனர் என்று இரண்டு கட்டமாகவும் வைக்கலாம். இது முக்கியம்: மேனேஜருக்கு ஆளைத் தெரியும், அந்த டேபிளில் கஸ்டமரின் பான் நம்பர் கிடப்பது ஓனருக்குத்தான் தெரியும். அட்மின் ரோல்களுக்கு என்ட்ராவிலேயே பிம் (PIM) என்ற வசதி இருக்கிறது. நிரந்தரமாக ரோலைக் கொடுக்காமல், தேவைப்படும்போது சில மணி நேரம் மட்டும் திறக்கலாம். செட்டிங்கை மாற்றாமல் விட்டால் உச்சவரம்பு 8 மணி நேரம்.

செலவுதான் இடிக்கும், பிம்முக்கு என்ட்ராவின் பி2 (P2) அளவு கட்டண லைசென்ஸ் வேண்டும். கோரமங்களாவில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஸ்டார்ட்அப் என்றால் ஸ்லாக் ஃபார்மில் கேட்டு, ஜிரா டிக்கெட்டில் முடிவெடுத்து, ஆக்சஸை எடுப்பதற்கென்று தேதி போட்ட இன்னொரு டிக்கெட்டை அன்றைக்கே திறந்து வைக்கலாம். என்ட்ரா ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் எல்லோருக்கும் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால், அட்மின் ரோல் வைத்திருப்பவர்களுக்கும் அவர்களுக்கு அப்ரூவல் தருபவர்களுக்கும் மட்டும் முதலில் பி2 எடுங்கள்.