கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு: எந்த ஒப்பந்தத்தில் வரி குறையும்?

இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்குக்குச் சுங்கவரிச் சலுகை கேட்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் (இனி, இருதரப்பு ஒப்பந்தம்). இரண்டாவது, 2006இல் தொடங்கிய, தெற்காசிய கூட்டமைப்பான சார்க் நாடுகளின் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், சாஃப்டா. மூன்றாவது, 1975இல் பாங்காக் ஒப்பந்தமாகத் தொடங்கி 2005இல் பெயர் மாறிய ஆசிய–பசிபிக் வர்த்தக ஒப்பந்தம், ஆப்டா. இதில் சீனாவும் தென்கொரியாவும் உண்டு.

வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். சேர்க்க எதுவுமில்லை. 2004 பிப்ரவரியில் கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானதோடு சரி, வரி குறைக்கும் ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. மாநாட்டுச் செய்தியை நம்பி விலை பேசிவிடாதீர்கள்.

கப்பலும் சரக்கும் ஒன்றாகவே இருந்தாலும், கூட வரும் மூலச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று) எந்த ஒப்பந்தத்தின் கீழ் வாங்கியது என்பதைப் பொறுத்து வரி தலைகீழாக மாறும். இதற்கு மிளகைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தியாவில் மிளகுக்கு அடிப்படைச் சுங்கவரி 70%. கிலோ 500 ரூபாய் மதிப்பில் வரும் மிளகுக்குச் சலுகை இல்லையென்றால் 350 ரூபாய் வரி, அதன்மேல் 10% சமூகநல மேல்வரி 35 ரூபாய், ஆகமொத்தம் 385. சாஃப்டா சான்றிதழ் இருந்தால் 8% வரி: 40 ரூபாயும் மேல்வரி 4 ரூபாயும். இருதரப்பு ஒப்பந்தத்தில் வந்தால் பூஜ்யம். 10 டன் சரக்குக்கு இந்த மூன்றும் முறையே 38.5 லட்சம், 4.4 லட்சம், பூஜ்யம். ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதியின்போது கட்டும் ஜி.எஸ்.டி.) மூன்றிலும் உண்டு, அது உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும் என்பதால் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படியானால் எல்லோரும் இருதரப்பு வழியிலேயே வரலாமே? முடியாது. அதில் மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் உச்சவரம்பு உண்டு. அது தீர்ந்தபின் வருகிறவருக்கு சாஃப்டாவின் 8%தான் கதி. ஆகவே மிளகு வியாபாரத்தில் இந்த இரண்டும் போட்டி ஒப்பந்தங்கள் அல்ல, ஒன்று நிரம்பினால் மற்றது. ஆண்டின் பிற்பகுதியில் விலை பேசுகிறவர் 8 சதவீதத்தைச் சேர்த்தே பேசவேண்டும். இரண்டுக்கும் மேலே இன்னொரு தடையும் இருக்கிறது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் குரல் எழுப்பியதால், 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. எந்த ஒப்பந்தச் சான்றிதழும் இதற்கு விலக்குத் தராது. வரி பூஜ்யமானாலும் மலிவு மிளகுக்கு வழி அடைபட்டது.

விளைபொருளை விட்டுத் தொழிற்சாலைப் பொருளுக்கு வந்தால், உள்நாட்டு மதிப்புக்கூட்டல் விகிதம்தான் எல்லாம். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும்வரையான விலை) இலங்கையின் பங்கு, இருதரப்பு ஒப்பந்தத்தில் 35% இருக்கவேண்டும். சாஃப்டாவிலும் இலங்கைக்கு 35%தான். இந்தியா, பாகிஸ்தானுக்கு 40%, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு 30%. ஆப்டாவில் 45%. முதல் இரண்டிலும் இறக்குமதி மூலப்பொருளின் எச்.எஸ். குறியீடும் (பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) முடிந்த பொருளின் குறியீடும் நான்கு இலக்க அளவில் வேறுபட்டிருக்கவேண்டும் என்பது பொது விதி.

பங்கு குறைந்தால் மற்ற உறுப்பு நாடுகளின் மூலப்பொருளையும் கூட்டிக் காட்டலாம். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது இங்கேதான். ஒரு பொருளின் எஃப்.ஓ.பி. விலை 100 டாலர் என்று வையுங்கள்: இலங்கைப் பங்கு 27, இந்திய மூலப்பொருள் 13, சீன மூலப்பொருள் 60. தனியாக 27 எதிலும் தேறாது. இருதரப்பு ஒப்பந்தத்தின் கூட்டல் விதி இலங்கைப் பங்கு குறைந்தது 25, இந்தியாவோடு சேர்த்து 35 என்கிறது. நமக்கு 40 வருவதால் தேறும். சாஃப்டாவில் உறுப்பு நாடுகளின் கூட்டுத்தொகை 50 வேண்டும். 40தான் இருப்பதால் தேறாது. ஆப்டாவில் கூட்டுத்தொகை 60 கேட்கிறார்கள், ஆனால் சீனாவும் உறுப்பினர் என்பதால் 100ம் கணக்கில் வரும். சீன மூலப்பொருளும் ஆப்டா விதிப்படி சீன மூலம் கொண்டது என்று காகிதம் காட்டினால் போதும். அதற்காக ஆப்டா பக்கம் ஓடிவிடவேண்டாம்: அங்கே பெரும்பாலும் கிடைப்பது வழக்கமான வரியில் ஒரு விழுக்காட்டுக் கழிவுதான், முழு விலக்கு அல்ல. பொருள் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை சதவீதம் கழிவு என்று எச்.எஸ். குறியீட்டைப் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்கவேண்டும்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் பிழை, கொழும்பு புறக்கோட்டையில் ரூபாயில் வாங்கியதையெல்லாம் உள்நாட்டுப் பொருள் என்று எழுதுவது. கடை எங்கே இருக்கிறது என்பது விஷயமில்லை. மூலம் தெரியாத பொருளும் வெளிநாட்டுப் பொருளாகவே கணக்கிடப்படும். வாங்குபவர் நெருக்கினார் என்று எஃப்.ஓ.பி. விலையைக் குறைப்பது இன்னொரு பிழை. இறக்குமதி மூலப்பொருளின் டாலர் விலை அப்படியே இருக்க, குறைவது முழுக்க உள்நாட்டுப் பங்கிலிருந்துதான் போகும். 65 டாலருக்கு மூலப்பொருள் வாங்கி 100 டாலருக்கு விற்பவர் சரியாக விளிம்பில் நிற்கிறார். 97க்கு இறங்கினால் பங்கு 33% ஆகிச் சலுகை போய்விடும்.

விதியை எழுத்தளவில் நிறைவேற்றினாலும் ஆபத்து தீராது. 2000களின் தொடக்கத்தில் பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. இந்திய முதலாளிகளே இலங்கையில் வனஸ்பதி ஆலை போட்டார்கள். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. குறியீடு மாறுகிறது, விதி நிறைவேறுகிறது. இந்தியச் சந்தையில் சரக்கு குவிந்ததும் உள்ளூர் ஆலைகள் கொதித்தன. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என உச்சவரம்பு வந்தது, ஆலைகள் படுத்தன. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பிப் போட்ட முதலீடு, அந்த வித்தியாசம் இருக்கும்வரைதான் நிற்கும்.

ஆயத்த ஆடையில் நிலைமை வேறு. இருதரப்பு ஒப்பந்தத்தில் இலங்கைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி உச்சவரம்பு. பங்களாதேஷோ வளர்ச்சி குன்றிய நாடு என்பதால், 2011 நவம்பரில் இந்தியா சாஃப்டாவில் சலுகை கிடைக்காத பொருட்களின் பட்டியலை அத்தகைய நாடுகளுக்கு 25 பொருளாகச் சுருக்கியபோது, ஆடையை அளவு வரம்பின்றி வரியில்லாமல் அனுப்பும் உரிமை பெற்றது. சாஃப்டா செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சார்க் உச்சி மாநாடு 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு கூடவில்லை என்பது உண்மை. ஆனாலும் சுங்கத்தில் சாஃப்டா சான்றிதழ் செல்லுபடியாகிறது. வரியைத் தொடாமலே வழியை அடைக்கவும் முடியும். 2025 மே மாதம் பங்களாதேஷ் ஆயத்த ஆடை தரைவழியே வருவதை இந்தியா நிறுத்தி, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்களுக்கு மட்டும் அனுமதித்தது. வரி அதே பூஜ்யம். சரக்குக் கட்டணமும் நாளும் கூடின.

இந்தியாவிலிருந்து இலங்கைக்கு அனுப்புகிறவருக்கு வேறு தலைவலி. எந்த ஒப்பந்தமானாலும் சலுகை சுங்கவரிக்கு மட்டுமே. செஸ் வரியும், துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியும் அப்படியே நிற்கும். சுங்கவரி பூஜ்யம் என்று ஏஜென்ட் சொன்னால், இந்த இரண்டையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்தியப் பக்கம் 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை கேட்கும் சரக்கின் மூலத்தைச் சரிபார்ப்பதற்கான கரோட்டார் விதிகள் நடப்பில் உள்ளன. சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. உற்பத்தி முறை, மதிப்புக்கூட்டல் விவரம் அடங்கிய முதலாம் படிவத் தகவலை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்கவேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்கவும் வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் தரவேண்டும். சிக்கல் என்னவென்றால், தன் அடக்கவிலையை வாங்குபவரிடம் காட்ட எந்த ஏற்றுமதியாளரும் விரும்பமாட்டார். சரக்கு கப்பலேறிய பிறகு இதைக் கேட்டால் கிடைக்காது. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகப் போடவேண்டும். சரிபார்ப்புக்குப் போய்விட்டால், வித்தியாச வரிக்குப் பிணை கட்டிச் சரக்கை எடுக்கலாம். மூலம் தவறு என்று தீர்மானமானால், அதே தயாரிப்பாளரின் அதே பொருளுக்கான மற்ற கோரிக்கைகளையும் தனியாகச் சரிபார்க்காமலே மறுக்கமுடியும். 10 டன் மிளகில் 38.5 லட்சத்துக்குப் பிணை கட்டப் பணமில்லாதவர், சான்றிதழின் எச்.எஸ். குறியீடு, எடை, இன்வாய்ஸ் எண் மூன்றையும் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிவிப்பு) போடுமுன் ஒப்பிட்டுவிடுவது நல்லது.