ரெய்கி, தெரபியூட்டிக் டச், பிராண சிகிச்சை, சீகாங்: போவதென்றால் எதற்குப் போவது?

கீமோ எடுத்துக்கொள்பவருக்கும், நாள்பட்ட முதுகுவலிக்காரருக்கும், ராத்திரி தூக்கம் வராமல் புரள்பவருக்கும் யாராவது ஒருவர் ரெய்கியையோ பிராண சிகிச்சையையோ சிபாரிசு செய்துவிடுகிறார்கள். சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்குத்தான் குழப்பம். இவையெல்லாம் ஒன்றா, வேறு வேறா? போகாவிட்டால் எதையாவது இழக்கிறோமா? அதிகம் பேசப்படும் நான்கு முறைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். நான்கையும் மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யும் துணை சிகிச்சையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மருத்துவத்துக்குப் பதிலாக இவற்றில் எதையும் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

நான்குக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான். உடம்பில் ஓர் உயிராற்றல் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், சீரானால் சுகம். இப்படி ஓர் ஆற்றல் இருப்பதை இதுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சிகிச்சை முடிந்து எழுந்து வரும்போது உடம்பு லேசாக இருக்கிறது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் புரியும்.

ரெய்கி 1922இல் ஜப்பானில் மிகாவோ உசுய் தொடங்கியது. கியோட்டோ அருகே குராமா மலையில் தவமிருந்தபோது அவருக்கு இது கிடைத்ததாகச் சொல்வார்கள். 1930களின் பிற்பகுதியில் ஹவாயோ தகாதா அதை ஹவாய்க்குக் கொண்டுபோனார், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. சிகிச்சை மிக எளிது. உடுத்திய துணியோடு மல்லாந்து படுக்கிறோம். சிகிச்சை தருபவர் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை லேசாகக் குவித்து நம் கண்களின் மேல் வைக்கிறார். அழுத்துவதில்லை, தேய்ப்பதில்லை. சில நிமிடம் கழித்து கைகள் காதோரம் போகின்றன, அப்புறம் பின்னந்தலைக்கு அடியில், தொண்டைக்கு அருகில், நெஞ்சு, வயிறு. ஒவ்வோர் இடத்திலும் கை அசையாமல் இருக்கும், அதன் சூடு மெல்ல ஏறுவது தெரியும். பேச்சு கிடையாது. ஒரு மணி நேரம் இப்படியே போகும். பலர் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள்.

தெரபியூட்டிக் டச்சில் கை பெரும்பாலும் உடம்பில் படுவதே இல்லை, சில அங்குலம் தள்ளியே நகரும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பேராசிரியராக இருந்த டொலோரஸ் க்ரீகரும், பிரம்மஞான சபையைச் சேர்ந்த டோரா குன்ஸும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. செவிலியர்கள் வழியாகப் பரவியதால் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குள் எளிதாக நுழைந்தது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிராண சிகிச்சையிலும் தொடுதல் இல்லை, ஆனால் செய்முறை அதிகம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சுயி 1980களில் வடிவமைத்தது. முதலில் கையால் ‘ஸ்கேன்’ செய்து ஆற்றல் எங்கே குறைவு, எங்கே தேக்கம் என்று பார்க்கிறார்கள். பிறகு உடம்புக்கு மேலே கையை மேலிருந்து கீழாக வாரிக்கொண்டு வந்து, பக்கத்தில் வைத்திருக்கும் உப்புத் தண்ணீரில் உதறுகிறார்கள். கெட்ட ஆற்றல் அதில் போய்விடும் என்பது கணக்கு. பதினொரு முக்கிய சக்கரங்கள், நிறத்துக்கு ஒரு பிராணன், நோய்க்கு நோய் தனி வரிசை என்று விரிவான ஏற்பாடு.

சீகாங் இந்த மூன்றிலிருந்தும் விலகி நிற்கிறது. சீனாவின் பழைய மூச்சுப் பயிற்சிகளும் உடலசைவுகளும் 1950களில் இந்தப் பெயரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஆசான் தன் கையிலிருந்து ஆற்றலை அனுப்பும் வகையும் இதில் உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் ஒப்பிடுவது நாமே நின்றுகொண்டு, மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கைகால்களை அசைக்கும் வகையை. யாரும் நமக்கு எதையும் ‘தருவதில்லை’. செய்வது முழுக்க நாம்தான்.

சரி, சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். தெரபியூட்டிக் டச்சைச் சோதித்தவர்களில் மறக்க முடியாதவர் எமிலி ரோசா. பரிசோதனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 9, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது. நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு, அதன் அடியில் இரண்டு ஓட்டைகள். இந்தப் பக்கம் சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் ஓட்டைகள் வழியாக நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்திருப்பார். அந்தப் பக்கம் எமிலி நாணயத்தைச் சுண்டி, ஒரு கைக்கு மேலே மட்டும் தன் கையைப் பிடிப்பார். எந்தக் கை என்று உணர்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 சிகிச்சையாளர்கள், மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால்கூட பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளியானது. பிராண சிகிச்சையின் ‘ஸ்கேன்’ நம்பியிருப்பதும் இதே திறமையைத்தான் என்பதால், இந்த முடிவை அதற்கும் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ரெய்கியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2011இல் அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்ட 189 பேரிடம் செய்த ஆய்வு. ஒரு குழுவுக்கு உண்மையான ரெய்கி. இன்னொன்றுக்கு, ரெய்கிப் பயிற்சி இல்லாத ஒருவர் அதே மாதிரி கைகளை வைத்துச் செய்த போலி ரெய்கி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு குழுக்களும் மூன்றாவதைவிட நன்றாக உணர்ந்தன. உண்மைக்கும் போலிக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு, பதற்றத்துக்கு ரெய்கி உதவுமா என்று 2015இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியபோது தேறியவை 3 ஆய்வுகள், 124 பேர். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல அது போதவில்லை.

இந்த 189 பேர் ஆய்வை ரெய்கியின் தோல்வியாக மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். ரெய்கி கற்பவர்களுக்குத் தரப்படும் தீட்சையும் குறியீடுகளும் தேவைப்படவில்லை, அது உண்மை. ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது அவசரப்படாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்திருந்தது வேலை செய்திருக்கிறது. 2008இல் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் டெட் கப்சுக் குழுவினர் செய்த சோதனையும் இதையே காட்டுகிறது. காத்திருப்புப் பட்டியலில் மட்டும் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம். போலி அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 44 சதவீதம். அதே போலி ஊசியோடு, கனிவாகப் பேசி, காது கொடுத்துக் கேட்ட சிகிச்சையாளரும் சேர்ந்தபோது 62 சதவீதம். அக்கறையான மனிதர் ஒருவரின் நேரம் நம் உடம்பில் இவ்வளவு செய்கிறது. மூச்சுவிட நேரமில்லாத மருத்துவமனைகளில் கிடைக்காத அந்த நேரத்தைத் தேடித்தான் பலர் ரெய்கி மேசைக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை யாரும் மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

இங்கிருந்து ஒரு முடிவு நேராக வருகிறது. பலன் தருவது அந்த இருப்பும் ஓய்வும் என்றால், தொலைவிலிருந்து ஆற்றல் அனுப்புகிறோம் என்று பணம் வாங்குவதில் என்ன மிச்சமிருக்கிறது? கையும் இல்லை, ஆளும் இல்லை. ரெய்கியிலும் பிராண சிகிச்சையிலும் இந்த வசதி உண்டு. நான்கு முறைகளின் எல்லா வடிவங்களிலும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது இதைத்தான்.

சீகாங்குக்கு ஆதரவு சற்றுக் கூடுதல். 2010இல் ஆஸ்திரேலியாவில் 162 புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வில், வழக்கமான கவனிப்போடு சீகாங்கும் செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்து, வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. ஒரு குறையைச் சொல்ல வேண்டும்: உடற்பயிற்சிக்குப் போலி தயாரிப்பது கடினம், அதனால் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இருந்தாலும் இதில் பலன் வர உயிராற்றல் கோட்பாடு உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மெதுவான அசைவு, ஆழ்ந்த மூச்சு, தினசரி ஒழுங்கு ஆகியவையே உடம்புக்கு நல்லவை.

ஆபத்து எங்கே? கைகளில் இல்லை, வாக்குறுதிகளில் இருக்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் இருந்தவர்களில் துணை சிகிச்சையும் எடுத்துக்கொண்ட 258 பேரை, எடுக்காத 1,032 பேரோடு ஒப்பிட்டது. முதல் குழுவில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்தார்கள், மற்றதில் 3 சதவீதம். இறப்பு அபாயம் முதல் குழுவுக்கு இரு மடங்கு. சிகிச்சையை மறுத்ததைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. அதாவது, துணை சிகிச்சை நேரடியாக யாரையும் கொல்லவில்லை. மருந்தை விட்டதுதான் கொன்றது. நோய்க்கு நோய் தனித்தனிச் செய்முறை வைத்திருக்கும் பிராண சிகிச்சையை நான் கடைசியில் வைப்பதும் இதனால்தான். ‘இந்த நோய்க்கு இது’ என்று பட்டியல் நீட்டினால், மாத்திரை எதற்கு என்ற எண்ணம் தானாக வரும்.

எழுந்து நடமாட முடிந்தவருக்கு என் தேர்வு சீகாங். பா துவான் ஜின் என்ற எட்டு அசைவுத் தொகுப்பில் தொடங்கலாம், நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும் செய்யலாம். தீவிர மனநோய் வரலாறு உள்ளவர்கள் நீண்ட நேர, கடுமையான பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். அதனால் மனநிலை பிறழ்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. படுத்த படுக்கையில் இருப்பவருக்கோ, மேலே கை பட்டால் ஆறுதலாக இருக்கும் என்பவருக்கோ ரெய்கி. வார்டில் ஒரு செவிலியர் தெரபியூட்டிக் டச் செய்யட்டுமா என்று கேட்டால் தாராளமாகச் சரி சொல்லலாம், தேடிப் போக வேண்டியதில்லை.

ரெய்கியின் முதல் நிலைச் சான்றிதழை ஓரிரு நாள் வகுப்பிலேயே வாங்கிவிட முடியும். ஆகவே சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்காமல், முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “நான் சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்யட்டும்?” உங்கள் டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்கள் என்று பதில் வந்தால் படுக்கலாம். வேறு எந்தப் பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.