அறுவை மையத்தைத் திறக்க உதவிய ஆலோசனைச் சேவை: ஐந்துக்கு மூன்றரை

பாளையங்கோட்டையில் இரண்டு அறுவை அரங்குகள் (தியேட்டர்கள்) கொண்ட பகல்நேர அறுவைச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்க நாங்கள் நால்வர் பங்குதாரர்களாகச் சேர்ந்தபோது, திறப்புக்கு முந்தைய வேலைகளுக்காக வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய கண்புரை, குடலிறக்கம் போன்ற சிகிச்சைகளே எங்கள் நோக்கம். நிர்வாகம் என் பொறுப்பில் இருந்ததால், அவர்களுடைய வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உரிமங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவ நிறுவனப் பதிவு, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், அறுவையின்போதே உடலின் உட்புறத்தைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் ஆகியவற்றில் எதை முதலில் கேட்க வேண்டும் என்ற வரிசை அவர்களுக்கு அத்துப்படி. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என மருத்துவக் கழிவைப் பிரிப்பதையும், அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் துப்புரவுப் பணியாளர்களுக்கு அவர்களே பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

அறுவைக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பு முதலில் எரிச்சலைத் தந்தது. பிறகு நன்றியாக மாறியது. பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறிவிட்டால் கருவி சுத்தமாகிவிட்டது என்றே எங்கள் பணியாளர்கள் நம்பியிருந்தார்கள். டேப் காட்டுவது பொட்டலம் சூடுபட்டது என்பதை மட்டுமே என்றும், எளிதில் மடியாத ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் நுண்ணுயிரின் வித்துகளை உள்ளே வைத்து, அவை அழிந்தனவா என்று பார்ப்பதே உண்மையான சோதனை என்றும் விளக்கிச் செய்துகாட்டினார்கள். முதல் சோதனையில் நாங்கள் தேறவில்லை. துணிகளை இடைவெளியின்றித் திணித்திருந்ததால் நீராவி உள்ளே நுழையவே இல்லை.

இந்தச் சேவையின் சிறந்த பகுதி ஒத்திகை நாள்தான். எங்கள் கணக்கரை நோயாளியாகப் படுக்க வைத்து, பதிவு மேசையிலிருந்து தியேட்டர் வரை கொண்டுசென்று, உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை மயக்கம் கொடுக்கும் முன்னும், கத்தி வைக்கும் முன்னும், தியேட்டரை விட்டு வெளியேறும் முன்னும் வாய்விட்டுப் படிக்க வைத்தார்கள். நடுவில், யாரிடமும் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் இயங்கத் தொடங்குவதற்குள், நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தது, சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சும் சக்‌ஷன் கருவியோ நின்றுபோனது, ஏனென்றால் அந்தப் பிளக்குக்கு யு.பி.எஸ். இணைப்பு கொடுக்கவே மறந்திருந்தார் எங்கள் மின்பணியாளர். அந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே அவர்கள் வாங்கிய கட்டணத்தைக் கொடுக்கலாம்.

ஆனால் ஊர் தெரியாமல் செய்த வேலைகளும் உண்டு. அவர்களுடைய முதல் வரைபடத்தில் ஜெனரேட்டரும் மின்பலகையும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையம் வரை தண்ணீர் நின்றதைப் பார்த்த எவரும் அப்படி வரையமாட்டார்கள். அதை மேலே ஏற்றுமாறு நாங்கள்தான் வற்புறுத்த வேண்டியிருந்தது. அதற்கெனத் தனிக்கட்டணமும் கேட்டார்கள்.

நோயாளிகளுக்கான தாள்கள் இன்னும் மோசம். 'வாய்வழி உட்கொள்ளல் தவிர்க்கப்பட வேண்டும்' என்று அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். வள்ளியூரிலிருந்து முதல் பேருந்தில் வரும் ஒரு பாட்டியிடம் அந்தத் தாளைக் கொடுத்தால், 'ஒண்ணும் சாப்பிடலை, காப்பி மட்டும் குடிச்சேன்' என்றுதான் பதில் வரும். தண்ணீர், பால் சேர்க்காத கடுங்காப்பி போன்றவற்றை மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம்; பால் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சோற்றுப் பருக்கை மிதக்கும் நீராகாரமும் உணவுக் கணக்கில்தான் சேரும். எங்கள் மயக்க மருத்துவரும் செவிலியரும் உட்கார்ந்து, காப்பி, நீராகாரம், வெற்றிலை எனப் பெயர் சொல்லி, புதிய தாள் ஒன்றை எழுதினோம்.

வீடு திரும்புதலுக்கும் அதே கதிதான். மயக்கத்திலிருந்து தெளிந்ததை அளக்கும் மதிப்பெண் அட்டவணை அவர்களுடைய கோப்பில் இருந்தது. ஆனால், நோயாளியோடு துணைக்கு வருபவர் யார், அம்பாசமுத்திரத்துக்கும் திசையன்விளைக்கும் அவர்கள் எதில் போவார்கள், இரவில் வலியோ இரத்தக் கசிவோ ஏற்பட்டால் எந்த எண்ணை அழைப்பது ஆகிய கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. துணைக்கு ஆளின்றி வருபவருக்கு அன்று சிகிச்சை கிடையாது என்ற விதியை நாங்களே சேர்த்தோம்.

உரிமங்களுக்கும் ஒத்திகைக்கும் இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். வரைபடத்தையும் நோயாளிகளுக்கான தாள்களையும் உள்ளூர் ஆட்களிடம் விடுவது நல்லது. ஒப்பந்தத்தில் ஒத்திகை ஒரு நாள் மட்டுமே. அதை இரண்டு நாளாக்கி, இரண்டாம் நாளில் நோயாளி வீடு போய்ச் சேரும் வரை பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.