உலர்பூக்களோடு மூன்று வருடம்: எல்லாம் சரி, அந்த வண்டு மட்டும்

போன வாரம், புத்தக அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த பூவளையத்தைக் கழற்றிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அன்று சாயங்காலமே தோழி ஒருத்தி கேட்டாள்: "உன் வீட்டில் இருக்கிற மாதிரி நானும் காய்ந்த பூ, மூலிகையெல்லாம் வைத்து அலங்கரிக்கலாம்னு இருக்கேன், செலவு அதிகமாகுமா?" ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால் உடனே ஆரம்பி என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தில் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

செலவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் முதலில் உலர்த்தியது, வாடப் போகிற நிலையில் குவளையில் இருந்த ஒரு பூங்கொத்தை. வேண்டியதெல்லாம் ரப்பர் பேண்டு, ஒரு கொக்கி, வெயில் படாத காற்றோட்டமான மூலை, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். தலைகீழாகத் தொங்கவிடுவது காம்பு நேராக நிற்பதற்கு. இருட்டு மூலை நிறம் வெளுக்காமல் இருப்பதற்கு. முதல் தடவை அழகுக்காகச் சணல் கயிற்றால் கட்டினேன். காயக் காயக் காம்பு சுருங்கும் என்று அப்போது தெரியாது. ஒரு வாரத்தில் கட்டு தளர்ந்து, பாதிப் பூக்கள் உருவித் தரையில் விழுந்து நொறுங்கிக் கிடந்தன. ரப்பர் பேண்டு என்றால் காம்போடு சேர்ந்து தானும் சுருங்கிக்கொள்ளும். கயிறு வேண்டுமென்றால் அதன் மேலே சுற்றிக்கொள்ளலாம்.

ரோஜாவின் வடிவம் கெடாமல் இருக்க வேண்டுமானால், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணலில் புதைத்து வைக்கலாம். சில நாளிலேயே காய்ந்துவிடும். அந்த மணலை மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி மறுபடி பயன்படும், ஆகவே அதுவும் பெரிய செலவில்லை.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் வண்டுக்குப் போக மனம் வரவில்லை. மூன்று வருடத்தில் சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகி, அப்புறம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. வெள்ளை ரோஜா பழுப்பேறிப் போனது. ஆனால் வாடாமல்லி மட்டும் பறித்த அன்றைக்கு இருந்த அதே ஊதா நிறத்தில் இருக்கிறது. ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: நாம் பூ என்று பார்க்கிற அந்த உருண்டை இதழ்களால் ஆனதே இல்லை. அது பூவடிச் செதில்களின், அதாவது பூவுக்கு அடியில் முளைக்கும் சிற்றிலைகளின், குவியல். செடியில் இருக்கும்போதே அந்தச் செதில் காகிதம் போல உலர்வாகத்தான் இருக்கிறது, உண்மையான பூ அதற்குள்ளே பொட்டு அளவில் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ராஃபிளவர் என்கிற பூவிலும் பளபளவென்று தெரிவது செதில்கள்தான். ஸ்டாட்டிஸ் என்கிற பூவில் ஊதாவாகத் தெரிவது புல்லி வட்டம், இதழ்களுக்கு வெளியே இருக்கிற உறை. உலர்ந்த பிறகும் மாறாமல் நிற்கிற பூ எது என்று எனக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாக இருந்தது, அதற்கெல்லாம் ஒரே காரணம், கண்ணில் படுகிற பாகம் செடியிலேயே உலர்வாக இருப்பதுதான் என்று புரிந்த நாளை இன்னும் மறக்கவில்லை. வாடாமல்லி என்று பெயர் வைத்தவர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க வேண்டும்!

மூலிகைகளில் லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் மூன்றும் என்னை ஏமாற்றவில்லை. வாசனை போய்விட்டது என்று நினைத்த லாவெண்டர் கொத்தை விரலால் லேசாகக் கசக்கினால் மறுபடி மணக்கும், எண்ணெய் இன்னும் அதன் நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டு இருப்பதால். ரோஸ்மேரி கை பட்டால் உதிரும், அதனால் ஆள் நடமாடும் வழியில் மாட்டக் கூடாது. பேசில் (ஒரு துளசி வகை) போல நீர் மிகுந்த பெரிய இலைகளைத் தொங்கவிட்டால் கருத்துப்போகின்றன. அலங்காரத்துக்கு அவை சரிவராது.

சரி, வண்டு.

இரண்டாம் வருட முடிவில் ஜன்னல் விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி வண்டுகள் செத்துக் கிடந்தன, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். அப்புறம் பூவளையத்துக்குக் கீழே, அலமாரி மேல் பலகையில், மாவு போல மெல்லிய பொடி விழ ஆரம்பித்தது. காய்ந்த பூ உதிரத்தானே செய்யும் என்று அதையும் துடைத்தேன். இப்படியே நான்கைந்து மாதம் போனது. எனக்கு இன்னும் ஆறாதது இந்த நான்கைந்து மாதம்தான்.

ஒருநாள் ஒரு ரோஜாவைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மேலே இதழ்கள் அப்படியே இருந்தன. அடியில், காம்பு சேருகிற இடத்தில், ஊசியால் குத்தினாற்போல ஓட்டைகள். பிரித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, எல்லாம் பொடி. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்ததில், முதுகில் நீளவாக்கில் கோடுகள், உணர்கொம்பின் நுனியில் பெருத்த மூன்று கணுக்கள். மருந்துக்கடை வண்டு என்று பெயர் கொண்ட இனம் அது. சிகரெட் வண்டு என்கிற இன்னொரு இனமும் இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் உணர்கொம்பு ரம்பப் பல் போல இருக்கும், முதுகில் கோடு இருக்காது. தின்பது வண்டு அல்ல, அதன் புழு. வளர்ந்த வண்டு பறந்து வெளிச்சத்தைத் தேடிப் போகிறது, அதனால்தான் ஜன்னலில் கிடந்தது. இதே புழு உலர்ந்த மூலிகை, மசாலா, மாவு, தானியம் எல்லாவற்றையும் தின்னும். புத்தகக் கட்டின் பசையையும் விடாது. நான் அந்த வளையத்தை மாட்டியிருந்ததோ புத்தகங்களுக்கு நேர் மேலே. அன்று ராத்திரி ஒவ்வொரு புத்தகமாக எடுத்து முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, இரண்டில் மட்டும்தான் ஓட்டை இருந்தது. அந்த இரண்டும் எனக்கு வேண்டிய புத்தகங்கள்.

அந்த வளையம் நான் செய்தது அல்ல, விலை கொடுத்து வாங்கியது. வண்டு அதோடுதான் வந்தது என்று என் மனம் சொல்கிறது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் வீட்டிலேயே உலர்ந்த பூ அத்தனை இருந்தது, ஜன்னலும் திறந்தே கிடந்தது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: விற்கிறவர்கள் "வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்" என்று சொன்னார்கள், மாதம் ஒரு தடவை அடியைத் திருப்பிப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய வழி, உறைய வைப்பது. வாங்கியதோ உலர்த்தியதோ, புதிதாக ஒரு கொத்து வீட்டுக்குள் வந்தால் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு உடனே பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டால் ஈரம் பைக்கு வெளியிலேயே படிந்துவிடும், பூ நனையாது. என் பூக்களில் புழு அதிகம் தின்றது ரோஜாவைத்தான், வாடாமல்லியை அது தொடவில்லை.

தூசிக்கு மெல்லிய தூரிகை போதும். பூ உதிராமலிருக்க ஹேர்ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். நான் அடித்ததில் ஒட்டிய தூசி தூரிகைக்கும் போகவில்லை. அதோடு காய்ந்த பூ சட்டென்று தீப்பற்றும், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் தோழியிடம் வேண்டாம் என்றேன் என்று கேட்டால், அலமாரிக்கு மேலே அந்த வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். இன்று கேட்டாலும் அதே பதில்தான். புத்தகமோ மசாலாவோ இருக்கிற அறையில் வேண்டாம், மாதாமாதம் திருப்பிப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் எந்த அறையிலும் வேண்டாம். மிச்சமிருந்த லாவெண்டரும் வாடாமல்லியும் பையில் கட்டி உறைபெட்டியில் இருக்கின்றன. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் ஐந்து நாள் முடியாமல் ஒரு கொத்தையும் வெளியே எடுக்க மாட்டேன்.