ஃபோர்க்குக்கு அப்புறம் வேண்டாத எஃப்டியை எப்படி மூடலாம்: கைல மூடுறதா, க்ளோஎக்ஸெக்கா?

ஃபோர்க் பண்ணா (ஓடுற ப்ராசஸ், அதாவது பேரன்ட், தன்னை மாதிரியே சைல்டுன்னு ஒரு புது ப்ராசஸை உண்டாக்குறது) சைல்டுக்கு பேரன்ட்டோட டிஸ்கிரிப்டர் டேபிள், அதாவது திறந்திருக்குற ஃபைல்களோட எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர்) நம்பர் பட்டியல், காப்பி ஆகும், ஆனா காப்பி ஆகுறது நம்பர் மட்டும்தான், கெர்னல் உள்ள இருக்குற ஓபன் ஃபைல் ரெண்டுக்கும் ஒண்ணேதான். அதனால சைல்டு 100 பைட் ரீட் பண்ணா பேரன்ட்டோட ஆஃப்செட்டும் (ஃபைல்ல அடுத்து படிக்கப்போற எடம்) 100 நகர்ந்துடும்.

இதுல நிஜமா கழுத்தறுக்குறது பைப் (ஒரு முனைல எழுதி மறு முனைல படிக்குற குழாய்) தான். பேரன்ட் எழுத, சைல்டுல கேட் (cat) கமாண்ட் ஓடி படிக்குதுன்னு வைங்க. பேரன்ட் எழுதி முடிச்சு க்ளோஸ் பண்ணிடுச்சு, ஆனா கேட் வெளிய வரவே வராது, ஏன்னா ரைட் எண்டோட ஒரு காப்பி அந்த சைல்டு கிட்டயே திறந்து கிடக்கு, எல்லா ரைட் எண்டும் மூடினாத்தான் ரீட்ல 0 (டேட்டா முடிஞ்சதுன்னு அர்த்தம்) வரும். ப்ராக் (/proc) உள்ள அந்த ப்ராசஸோட எஃப்டி ஃபோல்டரை பாருங்க, ஒரே பைப் நம்பர் ரெண்டு எடத்துல நிக்கும்.

கைல க்ளோஸ் பண்றது சின்ன ப்ரோக்ராமுக்கு ஓகே. ஆனா ஏதோ ஒரு லைப்ரரி உள்ளுக்குள்ள திறந்து வச்ச சாக்கெட் உங்களுக்கு எப்படி தெரியும்? லினக்ஸ் 5.9ல (2020) வந்த க்ளோஸ்_ரேஞ்ச் 3லேர்ந்து மேல இருக்குற எல்லாத்தையும் ஒரே கால்ல மூடிடும், லூப் போட்டு ஒவ்வொண்ணா மூடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஓபன் பண்ணிட்டு அப்புறமா எஃப்கன்ட்ரோல்ல (fcntl) க்ளோஎக்ஸெக் ஃப்ளாக் (எக்ஸெக் பண்ணி வேற ப்ரோக்ராமா மாறும்போது எஃப்டியை தானா மூடச் சொல்ற குறி) போடுறதை த்ரெட் இருக்குற ப்ரோக்ராம்ல நம்பாதீங்க, அந்த ரெண்டு காலுக்கு நடுவுல வேற த்ரெட் ஃபோர்க், எக்ஸெக் பண்ணிட்டா எஃப்டி லீக் ஆயிடும்.

என் ஓட்டு ஓபன்லயே ஓ_க்ளோஎக்ஸெக் குடுக்குறதுக்குத்தான் (லினக்ஸ் 2.6.23லேர்ந்து இருக்கு), பைப்புக்கு பைப்2 (அதே ஃப்ளாக்கோடயே பைப் திறக்குற கால்). பைத்தான் 3.4லயே எஃப்டி எல்லாம் டீஃபால்ட்டா இன்ஹெரிட் ஆகாதுன்னு மாத்திட்டாங்க, ரொம்ப சரியான முடிவு. ஒண்ணு மட்டும் கவனிங்க, எக்ஸெக் பண்ணாம ஃபோர்க் மட்டும் பண்ற வொர்க்கர்ல இந்த ஃப்ளாக் எதையும் மூடாது, அங்க கை வேலைதான்.

சைல்டுக்கு வேணுங்கற எஃப்டியை டூப்2ல (எஃப்டியை நாம சொல்ற நம்பருக்கு காப்பி பண்ற கால்) 0, 1, 2க்கு (ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட், எரர்) கொண்டு வந்துடுங்க, புது காப்பில ஃப்ளாக் இருக்காது, எக்ஸெக் தாண்டி உயிரோட இருக்கும். ஆனா பைப்புக்கு ஏற்கனவே 0ங்கற நம்பரே கிடைச்சிருந்தா டூப்2 ஒண்ணுமே பண்ணாது, ஃப்ளாக் அப்படியே நிக்கும், எக்ஸெக் ஆனதும் சைல்டோட ஸ்டாண்டர்ட் இன்புட் மூடிக்கும். அந்த ஒரு கேஸுக்கு மட்டும் எஃப்கன்ட்ரோல்ல ஃப்ளாக்கை எடுத்துடுங்க.