எச்சரிக்கை: ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்று வாங்கினேன், மூலைக்கு மூலை டிக் வெல்டிங் இருந்தது

அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றும் வேலை) செய்பவர் போன் செய்தார். "சார், முழுக்க ஒரே மெட்டல்னு சொன்னீங்க. மூலைக்கு மூலை கறுப்பா ஒரு பொட்டு எழும்பியிருக்கே, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். 32 பிளேட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் நான்கு மூலையிலும் கட்டைவிரல் நகம் அகலத்துக்குச் சாம்பல் கலந்த கறுப்பு வட்டம். அவர் கையில் எடுத்துத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "4043 கம்பி ஓட்டியிருக்காங்க சார்" என்றார்.

டிக் வெல்டிங்கில், அதாவது மின்பொறியில் உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் முறையில், கூடவே உருக்கிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி அது. அதில் சுமார் 5 சதவீதம் சிலிக்கான் உண்டு. அனோடைசிங் தொட்டியில் அலுமினியம் ஆக்சைடாக மாறும், சிலிக்கான் மாறாமல் உள்ளேயே தங்கிவிடும், அந்த இடம் கறுத்துவிடும். நான் ஆர்டர் கொடுத்ததோ ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்குக்கு. அதில் கம்பிக்கு வேலையே இல்லை.

பவர் எலக்ட்ரானிக்ஸைக் குளிர்விக்கிற கோல்டு பிளேட் 40 செய்ய வேண்டியிருந்தது. 6061-டி6 அலுமினியம். 15 மி.மீ. அடித்தட்டில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், அதைச் சுற்றி ஒரு படி, அந்தப் படியில் 4 மி.மீ. மூடி உட்காரும். மூடியின் விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்தால் போதும். உருக்கிப் பற்றவைத்தால் தட்டு வளையும், ஹைட்ரஜன் குமிழி விழும் என்பதால்தான் இந்த முறைக்குப் போனேன். சுழலும் ஒரு டூலின் முனையில் இருக்கும் 'பின்' என்ற குட்டி முளை உலோகத்துக்குள் இறங்கும், அதைச் சுற்றியுள்ள அகன்ற பகுதியான ஷோல்டர் மேற்பரப்பை அழுத்தித் தேய்க்கும். அந்தச் சூட்டில் அலுமினியம் உருகாது, பிசைந்த களிமண் மாதிரி இளகும். இரண்டு பக்கத்து உலோகத்தையும் பின் கிளறிக் கலந்துகொண்டே போகும்.

ஜாப் ஒர்க் எடுத்தவர் முதல் நாளே, "ராக்கெட் டேங்க் செய்ற முறை சார் இது" என்றார். அது பொய்யில்லை. 1991இல் இங்கிலாந்தில் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த இந்த முறை, விண்வெளி ஓடத்தின் வெளிப்புற எரிபொருள் தொட்டி வரைக்கும் போயிருக்கிறது. மேசைமேல் அவர் வைத்த சேம்பிளும் அழகுதான். நேர்க்கோட்டில் ஒரு வெல்டிங், மீன்செதில் மாதிரி அரைவட்ட வரிகள், ஓரத்தில் பிசிறு இல்லை. அதைப் பார்த்து மயங்கியது என் தவறு. என் பிளேட்டில் இருப்பது நேர்க்கோடு இல்லை, நான்கு திருப்பம் உள்ள மூடிய சுற்று. அதை எப்படிச் செய்வீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது தவறு சான்றிதழ். வெல்டிங் செய்த துண்டின் இழுவிசை வலிமை 308 மெகாபாஸ்கல் என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணாக இருக்கிறதே என்று ஃபைலில் போட்டுவிட்டேன். இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. பற்றவைக்காத 6061-டி6 தட்டுக்கே 310 பக்கம்தான் வரும். அந்த வலிமை, மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்களால் வருவது. வெல்டிங் சூடு பட்டதும் அவை பருத்தும் கரைந்தும் போய், இணைப்புக்குப் பக்கத்திலேயே தட்டு மென்மையாகிவிடும். மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்காவிட்டால், நல்ல வெல்டிங்கே மூலத் தட்டின் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு, நன்றாக அமைந்தால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ஆக, அவர்கள் இழுத்துப் பார்த்தது பெரும்பாலும் வெறும் தட்டாகத்தான் இருக்க வேண்டும். துண்டு எந்த இடத்தில் அறுந்தது என்ற வரியும் அதில் இல்லை.

அவசரத்துக்காக முதல் 8 பிளேட்டுகளை அனோடைசிங் இல்லாமலே பொருத்தியிருந்தோம். சில மாதங்களில் இரண்டில் ஈரம் கசிந்தது. குழாய் இணைப்பில் கோளாறு என்று ஃபிட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பொட்டைப் பார்த்த பிறகுதான் ஒரு பிளேட்டை அறுத்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் மூலை. ஜாப் ஒர்க் எடுத்தவரிடம் இருந்தது ஸ்பிண்டிலைச் (டூலைச் சுழற்றும் தண்டை) சாய்த்து வைத்த ஒரு மில்லிங் மெஷின். மில்லிங் மெஷினில் இந்த வேலை செய்யவே கூடாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டூல் போகிற திசைக்குப் பின்பக்கமாக 2, 3 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மூலையில் திசை திரும்பும்போது சாய்வும் கூடவே திரும்ப வேண்டும். அந்த மெஷினில் திரும்பாது. சாய்வே தேவைப்படாத சுருள் வரி போட்ட ஷோல்டர் உள்ள டூலும் அவரிடம் இல்லை. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு நேர் ஓட்டம் ஓட்டி, ஒவ்வொரு முடிவிலும் டூலைத் தூக்கியிருக்கிறார். தூக்கிய இடத்தில் பின்னின் அளவுக்கு ஒரு குழி நிற்கும், அது இந்த முறையின் கூடப் பிறந்த குணம். தெரிந்தவர்கள் ஒரே சுற்றாக ஓட்டி, தொடங்கிய இடத்தைத் தாண்டி அதே கோட்டின்மேல் கொஞ்சம் ஓட்டி, குழியை அடித்தட்டின் கெட்டியான பகுதிக்கோ, பிறகு வெட்டி எறியும் காது மாதிரியான நீட்டலுக்கோ கொண்டுபோய் விடுவார்கள். இவர் நான்கு குழியையும் டிக் வெல்டிங்கில் அடைத்து, மேலே மில் செய்து மழமழப்பாக்கிக் கொடுத்துவிட்டார். பற்றவைத்த பிறகு மேற்பரப்பைச் சீவச் சொன்னது நான்தான். அவருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று.

மூலையைவிட மோசம் நேர் ஓட்டம். குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் 1200 நம்பர் வரை தேய்த்து, காஸ்டிக் சோடா கரைசலில் அரித்து, நைட்ரிக் அமிலத்தில் கருமையைப் போக்கினேன். (கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.) கிளறிய பகுதி கிண்ண வடிவில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது 3 மி.மீ. ஆழத்திலேயே நின்றுவிட்டது. அடியில் இருந்த 1 மி.மீ.க்கு மூடியும் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒட்டவில்லை. வேறு வேலைக்குச் செய்த குட்டைப் பின்னை மாட்டியிருக்கிறார். அடியில் தாங்கலுக்கு ஸ்டீல் பேக்கிங் பார் வைக்கிற வேலையில், அதைத் தொட்டுவிடக் கூடாது என்று பின்னைத் தட்டைவிட லேசாகக் குட்டையாக வைப்பது வழக்கம். இங்கே அடியில் இருந்தது அதே அலுமினியப் படி, பின் அதற்குள் கொஞ்சம் இறங்கினால் நல்லதுதான். இன்னொரு துண்டில் ஊசித்துளை மாதிரி ஒரு சுரங்கமும் இருந்தது.

அடித்தட்டை மில் செய்து நீக்கி, மூடியின் தடிமன் மட்டும் மிஞ்சும்படி ஒரு பட்டை எடுத்து, அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்தேன். காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது.

அவரிடம் காட்டினேன். "லீக் டெஸ்ட் பாஸ் ஆச்சே சார்?" ஆனதுதான். 3 பார் அழுத்தத்தில் பத்து நிமிடம் காற்றைப் பிடிக்க, ஒட்டியிருக்கும் 3 மி.மீ. போதும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி வரும்போது, ஒட்டாத அந்தக் கோட்டின் நுனியிலிருந்து விரிசல் மேலே ஏறும். அதைப் பத்து நிமிடச் சோதனை எப்படிக் காட்டும்? "வேணும்னா எக்ஸ்ரே எடுத்துத் தரேன்" என்றார். முகத்தோடு முகம் நெருங்கி உட்கார்ந்த பிளவு எக்ஸ்ரேயில் தெரிவது அரிது. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கடைசியில் கூலியை மட்டும் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். மெட்டீரியல், வாய்க்கால் வெட்டிய மெஷினிங், அனோடைசிங் எல்லாம் என் தலையில். நான் அறுத்த பிளேட்டை மட்டும் "நீங்களே கெடுத்தது" என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்போது ஆர்டரில் இவற்றை எழுதிவிட்டுத்தான் வேலை கொடுக்கிறேன்: ஐஎஸ்ஓ 25239 படி எழுதிய வெல்டிங் முறைத்தாள், அதில் டூல் படமும் பின் நீளமும், சுழல் வேகம், நகரும் வேகம், சாய்வு, ஆபரேட்டரின் தகுதிச் சான்று, குழி எங்கே முடியும் என்று வரைபடத்திலேயே ஒரு குறி, என் அனுமதி இல்லாமல் கம்பி வைத்து எந்த அடைப்பும் கூடாது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிளேட்டை என் முன்னால் அறுக்க வேண்டும், மூலையிலும் நடுவிலும். அந்த ஒரு பிளேட்டுக்கான செலவு என்னுடையது. சீவும் வேலையை வேறு இடத்தில் கொடுக்கிறேன், செதில் வரிகளை நான் பார்த்த பிறகு.

புதிதாகப் பேசிய இடத்தில் இதைச் சொன்னபோது, ஒருவர் அறுக்க முடியாது என்று போனை வைத்துவிட்டார். அடுத்தவர், "எந்த மூலையில அறுக்கணும், டூலைத் தூக்குற மூலையிலா, எதிர் மூலையிலா?" என்று கேட்டார். வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.